மரவையில் இருந்ததும் உப்புதான்

எங்கள் ஊரில் ஆண்கள் தின்ற உப்பு பெண்களின் காலில் இறங்கியது. கெட்டது அதுதான். ஏன் இறங்கியது, எதற்கு இறங்கியது என்று என்னிடம் கேட்க வேண்டாம். எனக்குத் தெரியாது. தெரிந்தவன் எவனும் வெள்ளாங்கரையில் பிறக்கவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடல், மூன்று பக்கம் உப்பளம், நடுவில் நூற்றிச்சொச்சம் வீடு, அதுதான் வெள்ளாங்கரை. உப்பு எங்களுக்கு மண் மாதிரி. யாரும் அளந்ததில்லை. பெண்கள் குழம்புக்குப் பிடி பிடியாய் அள்ளிப் போடுவார்கள்; அதற்கு மேலே, சாப்பிட உட்காருகிற ஆம்பிளையின் வட்டிலுக்கு வலது பக்கம் ஒரு மரவை வைப்பார்கள். மரவை என்றால் பூவரச மரத்தில் கடைந்த சின்னக் கிண்ணம், அப்பன் மகனுக்குக் கொடுப்பது, அதில் அவன் சொந்தக் கையால் வாரின உப்பு கோபுரமாய் இருக்கும். முதல் வாய்க்கு முன்னால் ஒரு சிட்டிகை நாக்கில் வைக்க வேண்டும், பிறகு வாய்க்கு வாய் தொட்டுக்கொள்ள வேண்டும். தொடாதவன் அளத்துக்காரன் இல்லை. விருந்துக்குப் போனாலும் ஆளுக்கு ஆள் மரவையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் போவோம். பெண்களுக்கு மரவை கிடையாது.

அந்த வருசம் தை மாசம், பாத்திகளுக்குப் புதுத் தண்ணீர் ஏற்றிய வாரத்தில்தான் ஆரம்பம். செவ்வாய்க்கிழமைதோறும் பிரஷர் பார்க்க வருகிற நர்ஸ் எமில்டா பக்கத்து வீட்டுப் பூல்பாண்டியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், மிஷினைத் தட்டினார், மறுபடி காற்றடித்தார். போன மாசம் இருநூறைத் தொட்டவனுக்குப் பச்சைப்பிள்ளை கணக்காய் இறங்கிக் கிடந்தது. அடுத்து அவன் பெண்டாட்டி கனியம்மாளுக்குப் பார்த்தார். இருநூறு.

"என்ன, ரெண்டு பேரும் கையை மாத்தி நீட்டுறீங்களா?" என்று கேட்டார் நர்ஸ்.

கையை மாற்றவில்லை. மூன்று மிஷின் மாற்றினார், மூன்றும் அதையே சொன்னது. அந்த வாரமே அளத்தில் மத்தியானச் சோற்றின்போது பூல்பாண்டி பந்தயம் கட்டி, கனியம்மாள் போட்ட எலுமிச்சை ஊறுகாயில் நாலு முழுப் பழத்தைத் தின்று தீர்த்தான். அவன் நாலாவது பழத்தைக் கடித்த நேரத்துக்கு ஒன்றரை மைலுக்கு அப்பால் துணி துவைத்துக்கொண்டிருந்த கனியம்மாள் காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள், மெட்டி விரலுக்குள் புதைந்து போயிருந்தது, சோப்பு போட்டுப் பார்த்தார்கள், நூல் சுற்றிப் பார்த்தார்கள், கடைசியில் சைக்கிள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்க் குறட்டால் வெட்டி எடுத்தார்கள். அப்புறம் தெருத்தெருவாய் வெட்டினார்கள். புருசன் பெண்டாட்டி என்ற கணக்கெல்லாம் கிடையாது. அடுப்பில் ஆக்கினது யாரோ, தின்கிறவனின் உப்பு அவர் காலுக்கு. மகனுக்கு ஆக்கின தாய்க்கும் அதே, அண்ணனுக்கு ஆக்கின தங்கைக்கும் அதே.

ஊர் என்ன செய்யும்? பழகிக்கொண்டது. மெட்டி கழற்றினால் தாலி அறுத்த மாதிரி என்று முதல் மாசம் அழுத பெண்கள், இரண்டாம் மாசம் வெட்டின மெட்டியைத் தாலிக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டார்கள், நடக்கும்போது அது கிலுகிலுவென்று சத்தம் போட்டது, சத்தத்தை வைத்தே இன்னார் வருகிறாள் என்று நாங்கள் சொல்லப் பழகினோம். அவர்கள் பாதம் வேர்த்து, நடந்த இடமெல்லாம் ஈரம் காய்ந்து வெள்ளைத் தடம் விழுந்தது. ஆடுகள் மேய்ச்சலை விட்டுவிட்டுப் பெண்கள் பின்னாலேயே திரிந்து குதிகாலை நக்கின. பெண் கொடுக்க வருகிறவர்கள் மாப்பிள்ளையின் வேலையைக் கேட்பதை விட்டு, சாப்பாட்டு வேளைக்கு வந்து அவன் தின்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு கல்யாணத்துக்கு டவுனிலிருந்து சமையல்காரரைக் கூட்டி வந்தோம். மூன்றாம் பந்தி உட்கார்ந்தபோது அவர் செருப்பு வார் தெறித்தது, கரண்டியைப் போட்டுவிட்டு வேனில் ஏறியவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அதோடு ஊரில் விருந்து நின்றது. கோயில் கொடைக்கும் பழம்தான்.

ஆண்கள் எப்படி இருந்தோம் என்று கேட்டால், நன்றாக இருந்தோம். தலைசுற்றல் போனது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, கிழவன்களெல்லாம் பாத்தி வரப்பில் பந்தயம் ஓடினோம். நானும் ஓடினேன். ஆண்கள் ஆக்கிப் பார்க்கலாமே என்று எவனுக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பங்குனியில் பஞ்சாயத்துக் கூடியது. இனி அடுப்பில் பாதி உப்புதான், வேண்டும் என்கிறவன் மரவையில் தொட்டுக்கொள்ளட்டும், அவன் கையால் போட்டது அவன் உடம்புக்கு, பெண்கள் மேல் பாரம் இல்லை. ஆம்பிளைகள் எல்லாரும் கை தூக்கினோம். நியாயமான தீர்ப்பு என்று பெருமையாய் வீட்டுக்கு வந்தோம். அந்த ராத்திரியே மரவையை இன்னும் கொஞ்சம் உயரமாய்க் குவித்தோம்.

என் பெண்டாட்டி தங்கபுஷ்பம் அன்றைக்குத் தன் மெட்டியைக் கோத்த கயிற்றைத் தடவிக்கொண்டே, "நல்லதாப் போச்சு," என்றாள். அவளுக்குக் கால் அப்போதே குடம் மாதிரி.

ஆவணியில் மகனுக்குக் கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காட்டில் பெண் எடுத்தோம். அவள் அப்பா சாப்பாடு பார்க்க வந்த அன்று மகனை மரவை இல்லாமல் உட்கார வைத்தோம். அவன் உப்புச் சப்பில்லாத சோற்றைச் சாமி பிரசாதம் மாதிரித் தின்றான். ஏமாற்றுத்தான். ஆனால் அவன் அதற்கப்புறமும் மரவையைத் தொடவில்லை, வந்தவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டானாம். போகட்டும்.

வந்தவள் முதல் நாள் மத்தியானம் எனக்குப் பரிமாற வந்தாள். வட்டில் பக்கம் கோபுரமாய் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மாமா, இது என்ன?"

"மரவை."

"உள்ள இருக்கிறது?"

"தெரியலையா? ஊரு பூரா காஞ்சு கிடக்கே."

"அப்ப இதுவும் உப்புத்தான?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ பிள்ளை, பாத்தி மண்ணை மிதிக்காதவ பேசாத. அது உப்பு இல்ல, மரியாதை," என்றேன். வாசலில் உட்கார்ந்திருந்த பூல்பாண்டி, "கரிசக்காட்டுப் பிள்ளைக்குக் கம்பும் சோளமுந்தான் தெரியும் அண்ணாச்சி, விடுங்க," என்று சிரித்தான். அவள் முகம் சிவந்து உள்ளே போனாள். அன்றிலிருந்து எனக்கு அவள் 'ஏ பிள்ளை'தான்.

ஆனால் சும்மா இருக்கிற பிள்ளை இல்லை. மாமியாரும் மருமகளும் அடுப்படியில் என்னென்னவோ செய்தார்கள். கருவாட்டை ராத்திரியே மூன்று தண்ணீர் மாற்றி ஊறப்போட்டார்கள், குழம்பில் உப்புக் குறைந்த இடத்தில் புளியும் பூண்டும் வறுத்துப் பொடித்த மிளகு சீரகமும் சேர்த்தார்கள், எண்ணெயைச் சட்டியில் சரிக்காமல் கரண்டியில் அளந்து ஊற்றினார்கள், அப்பளத்தைப் பொரிக்காமல் தணலில் வாட்டினார்கள், வெள்ளைச் சோற்றில் பாதிக்குக் கம்பஞ்சோறு கலந்தார்கள், ஊறுகாய் இருந்த இடத்தில் பச்சை மாங்காய்க் கீற்று வந்தது, முருங்கைக்கீரை நாள் தவறாமல் வந்தது.

"இது வீடா, ஆஸ்பத்திரியா?" என்று கேட்டு முதல் வாரம் வட்டிலைத் தள்ளினேன். இரண்டாம் வாரம் தள்ளவில்லை. ஒரு மாசத்தில் அந்தக் கருவாட்டுக் குழம்புக்கு நாக்கு காத்திருக்க ஆரம்பித்தது. சொல்லவில்லை. சொல்லாமல் இரண்டாம் தடவை வாங்கித் தின்றேன், கை மட்டும் பழக்கப்படி வாய்க்கு வாய் மரவைக்குப் போய்வந்தது.

ஒன்றில் மட்டும் தங்கபுஷ்பம் பிடிவாதம். மருமகள் நறுக்கலாம், அரைக்கலாம், யோசனை சொல்லலாம், புருசனுக்குத் தனிச் சட்டியில் ஆக்கலாம். என் சட்டியை அவள் தொடக் கூடாது.

"உங்க மாமாவுக்கு நாந்தான் ஆக்குவேன். நீ பிள்ளை பெறப்போறவ."

மருமகள் காலில் மெட்டி அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் அவள் காலில் மட்டும்தான்.

செவ்வாய்க்குச் செவ்வாய் நர்ஸ் எமில்டா வந்து தலையைச் சொறிந்தார். "சமையல்ல எவ்வளவு போடுறீங்க?" அரைப்பிடி. "ஊறுகாய்?" விட்டாச்சு. "கருவாடு?" ஊறவச்சுத்தான். "அப்ப எங்க இருந்துதான் ஏறுது?" நூற்றிச்சொச்சம் வீட்டிலும் கேட்டார், ஒரு வீட்டிலும் மரவையைப் பற்றி எவரும் சொல்லவில்லை. ஒளிக்கவில்லை. அதை உப்பென்று எங்களுக்குத் தோன்றவில்லை. கேட்டால் சொல்லுகிற இடத்தில் ஒருத்திதான் இருந்தாள், அவள் வாயை நான் அடைத்திருந்தேன்.

மருமகள் வந்த மூன்றாவது வருசம் ஆடியில் தங்கபுஷ்பம் விழுந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வைத்திருந்து, கிட்னி இரண்டும் போய்விட்டது, ஒரு கல் உப்புக்கூடக் கூடாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். வீட்டில் வைத்துப் பார்க்கிறதாவது. கட்டிலை அடுப்படிக்கு இழுத்துப் போடச் சொல்லி, படுத்தபடியே கையை நீட்டி எனக்குக் குழம்பு கூட்டினாள். மருமகள் கரண்டியைப் பிடுங்கினால் பிடுங்க விடமாட்டாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பசிக்கும் அல்லவா.

ஒரு புதன்கிழமை மருமகள் அண்ணன் பிள்ளைக்குக் காது குத்து என்று ஊருக்குப் போயிருந்தாள், மகன் உப்பு லாரியோடு வெளியூரில். தங்கபுஷ்பத்தால் கையைத் தூக்க முடியவில்லை. பதினொரு மணிக்கு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன திங்கணும் உனக்கு?"

அவள் முழித்தாள். நாற்பத்திரண்டு வருசத்தில் அந்தக் கேள்வி அந்த வீட்டில் கேட்கப்பட்டதில்லை. யோசித்தாள். வெகு நேரம் யோசித்தாள், ஏதோ ஆழத்தில் விழுந்த சாமானைத் தேடுகிறவள் மாதிரி.

"உளுந்தஞ்சோறு," என்றாள்.

"அது உனக்குப் பிடிக்குமா?"

"எங்க அம்மை வீட்டுல ஞாயிறுதோறும். உங்களுக்குத்தான் வாடை ஆகாதே."

நான் ஆக்கினேன். அவள் சொல்லச் சொல்ல, தோலுளுந்தை வறுத்து, அரிசியோடு களைந்து, பூண்டும் வெந்தயமும் தேங்காய்த் துருவலும் போட்டு, உப்பு ஒரு கல் போடாமல். கொஞ்சம் குழைந்துவிட்டது. எள்ளுத் துவையல் அரைக்கத் தெரியவில்லை, எள்ளை வறுத்துத் தூவினேன். கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு வட்டிலை வைத்தேன். வைத்த கை, வைத்தது வட்டில் என்பதால், பழக்கத்தில் என் மரவையையும் எடுத்து வலது பக்கம் வைத்துவிட்டது.

தங்கபுஷ்பம் மரவையையே பார்த்தாள். "எனக்கா?" என்றாள். எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்த எவனாலும் எடுத்திருக்க முடியாது. கல்யாணத்தன்றுகூட அந்த முகம் அப்படி இல்லை. அவள் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை, அளத்துக்காரன் எடுக்கிற மாதிரியே எடுத்து, நாக்கில் வைத்தாள்.

என் வலது கால் விரல்களைச் சுற்றி யாரோ ஈரக்கயிற்றைக் கட்டி இறுக்கின மாதிரி இருந்தது. காலைப் பார்த்தேன், கணுக்காலில் எலும்பு மறைந்து சதை பளபளத்தது. ஒரு சிட்டிகைக்கு.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தின்னு."

அவள் என் காலைப் பார்த்தாள், மரவையைப் பார்த்தாள்.

"அப்ப அதுவுந்தான் எறங்கியிருக்கு," என்றாள்.

வாய்க்கு ஒரு சிட்டிகை, வேளைக்கு நாற்பது வாய், நாளைக்கு மூன்று வேளை, மூன்று வருசம். பெருக்கிப் பார்க்கிற தைரியம் இல்லை.

"பிள்ளை வந்த அன்னைக்கே சொல்லுச்சு," என்றாள் தங்கபுஷ்பம். கோபமே இல்லை அந்தக் குரலில், அது இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். பிறகு, "உளுந்து நல்லா வெந்திருக்கு. இன்னொரு வாய் வைங்க," என்றாள்.

நாலு வாய் தின்றாள். வெள்ளிக்கிழமை மத்தியானம், வெயில் நடுமுற்றத்தில் நிற்கும்போது போய்விட்டாள்.

எடுத்துக்கொண்டு போன பிறகு வீட்டைப் பார்த்தேன். தரையில் அவள் தடம் வெள்ளை வெள்ளையாய், அடுக்கடுக்காய்ப் படிந்து கிடந்தது. அடுப்படியிலிருந்து நான் உட்காருகிற இடத்துக்கு வந்தது, திரும்ப அடுப்படிக்குப் போனது. வேறெங்கும் போகவில்லை. கழுவ வந்த பெண்களிடம் அந்த வழியை விட்டுவிடச் சொன்னேன். ஆடு ஒன்று உள்ளே வந்து நக்கப் பார்த்தது. கம்பை எடுத்தேன்.

பதினைந்து நாளும் நானே கஞ்சி வைத்துக் குடித்தேன். பதினாலாம் நாள் மருமகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். விரல் இறுகினதைச் சொன்னேன். மரவையைச் சொன்னேன். அவள் 'நான் அன்றைக்கே சொன்னேனே' என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அத்தைக்குப் பதினாறு அன்னைக்கு ஊருக்குச் சோறு போடணும் மாமா," என்றாள்.

"விருந்து நின்னு மூணு வருசமாச்சு. யாரு ஆக்குவா?"

"நான்."

"கிறுக்கா உனக்கு? முந்நூறு ஆம்பிளை. ரெண்டாம் பந்தியிலேயே செத்துருவ."

"ஊரு கூடி உட்கார்ந்து என்னைக் கொல்லணும்னா கொல்லட்டும். எல்லார் கண்ணு முன்னாடியும் நடக்கட்டுமே. அத்தைக்கு நடந்தது அடுப்படிக்குள்ள நடந்துச்சு."

மரவை உப்பும் ஆக்குகிறவர் காலில்தான் இறங்குகிறது என்று, அழைக்கப் போன வீட்டிலெல்லாம் நானே சொன்னேன். பதினாறாம் நாள் பெண்களெல்லாம் வந்து நறுக்கிக் கொடுத்தார்கள், ஆனால் சட்டியில் கரண்டி போட்டவள் அவள் ஒருத்திதான். கம்பும் அரிசியும் கலந்த சோறு, ஊறவைத்த கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, தணலில் சுட்ட அப்பளம், உப்பு மூன்று பிடி. நான் நின்று எண்ணினேன். பிறகு அவள் பந்தல் வாசலில் போய் நின்றுகொண்டு, வருகிறவன் ஒவ்வொருவன் இடுப்பிலிருந்தும் மரவையை வாங்கி, உப்பைச் சாக்கில் கொட்டி, துடைத்து, அதில் ஒரு எலுமிச்சைத் துண்டும் வறுத்த மிளகு சீரகக் கறிவேப்பிலைப் பொடியும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

பூல்பாண்டி தரமாட்டேன் என்றான். "ஏம்மா, இது எங்க அப்பன் கொடுத்த மரவை."

"மரவை உங்க அப்பா கொடுத்தது சின்ன மாமா, வச்சுக்கோங்க. உப்பு என் காலுக்கு வாரது, அதைக் கொடுங்க."

கொடுத்தான். முதல் இலை எனக்கு. நான் எலுமிச்சையைப் பிழிந்து, பொடியைத் தொட்டு, நாக்கில் வைத்தேன். காரமாய், புளிப்பாய், கசப்பாய் இருந்தது. பிசைந்து வாயில் போட்டேன். அதைப் பார்த்து மற்றவர்களும் கை வைத்தார்கள். எவனும் தன் இலையைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் பந்தி நடுவில் குழம்பு வாளியோடு நடக்கிறவளின் காலில் இருந்தது. பூல்பாண்டி வேட்டி மடிப்பை அவிழ்த்தான். உள்ளே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தான். அவள் பார்த்துவிட்டாள், அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். பின்னால் பெண்கள் வரிசையில் கனியம்மாளின் தாலிக்கயிற்று மெட்டி கிலுங்கியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பொட்டலத்தை அப்படியே மண்ணில் கவிழ்த்தான். அப்புறம் குனிந்து தின்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே தின்றான்.

நாலு பந்தி. கடைசி இலை எடுத்ததும் நர்ஸ் எமில்டா வந்து அவளை நாற்காலியில் உட்காரவைத்து, குனிந்து, மெட்டியை விரலால் திருப்பிப் பார்த்தார். இலேசாய்ப் பிடித்தது. பிறகு சுற்றியது.

இன்றைக்கும் எங்கள் ஊரில் ஆண்கள் தின்கிற உப்பு ஆக்குகிறவர் காலில்தான் இறங்குகிறது. கால் தாங்குகிற அளவுக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். சில வீடுகளில் ஆண்களும் ஆக்குகிறார்கள். மரவை எல்லா வீட்டிலும் உண்டு, பெண்களுக்கும் உண்டு, எலுமிச்சையும் பொடியுமாய். என் மரவையில் மட்டும் வெட்டின மெட்டி இரண்டு கிடக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் உளுந்தஞ்சோறு தின்கிறேன். வாடை இப்போது ஆகிறது.

ஊரைச் சீராக்கியது பஞ்சாயத்து என்று பூல்பாண்டி வெளியூர்க்காரர்களிடம் அளந்துகொண்டு திரிகிறான். பொய். நான் மூன்று வருசம் பேர் சொல்லிக் கூப்பிடாத என் மருமகள்தான். அவள் பேர் செண்பகவல்லி.